இடிப்பதற்கு இரண்டு சொற்கள்

ஜூன் 3, செவ்வாய்

இந்த ஆண்டு நாட்குறிப்பில் கோடுகளை மிக மங்கலாக அச்சிட்டிருக்கிறார்கள். மையை மிச்சம் பிடிக்கிறார்கள் போலும். பழைய காலண்டர் அட்டையை நீளவாக்கில் வெட்டி, வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பூங்காவனத்திடம் தடித்த முனையுள்ள கறுப்புப் பேனா வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். மெல்லிய முனை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

காலையில் ஜெயசிங் வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். எங்கள் நியூ ஹேவன் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். கீழ்ப்பாக்கத்தில் கட்டிய முதல் அடுக்குமாடிகளில் ஒன்று எங்களுடையது, எட்டே வீடுகள். சங்கத்தின் பெயரால் ஆங்கிலத்தில் எந்தக் கடிதம் வெளியே போனாலும் முதலில் என் மேசைக்கு வரும். மாநகராட்சிக்குக் கழிவுநீர் பற்றி எழுதினாலும், தண்ணீர் லாரிக்காரனைக் கண்டித்து எழுதினாலும், நான் பார்த்துத் திருத்திய பிறகே மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். ஏற்காட்டுக் கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னடைனிடம் ஆங்கிலம் படித்தவள் இந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான்.

"மேடம், வக்கீல் ஆபீஸ்ல அடிச்சுக் குடுத்தது. கொஞ்சம் நீளம். இங்கிலீஷ் சரியா இருக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டு, முதல் கையெழுத்தும் நீங்களே போட்டுட்டீங்கன்னா மத்தவங்ககிட்ட வாங்கறது சுலபம்."

கோடை முழுவதும் மொட்டைமாடி ஒழுகுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அந்த ஒப்பந்தமாகத்தான் இருக்கும். தாள்களை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய நேரம் கொடுத்துப் புரட்டினேன். வக்கீல் அலுவலகங்களில் இப்போதெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் எழுத்தைப் போடுகிறார்கள்.

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம் மார்ஜின் விட்டிருக்கலாம்" என்றேன்.

"அவ்வளவுதானா மேடம்? மத்தபடி?"

"மத்தபடி போகலாம்."

விரலை வைத்துக் காட்டினார். அந்த இடத்தில் கையெழுத்திட்டேன். என் கையெழுத்து இன்னும் நேராகத்தான் போகிறது. போகும்போது ஒரு நகலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 4, புதன்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. எதிரே புதிதாக எழும்பியிருக்கும் கட்டடம் வெளிச்சத்தை மறைக்கிறது.

ஜூன் 14, சனி

பூங்காவனம் வந்ததும் வராததுமாக, "இன்னாம்மா, பொடவைய உள்பக்கம் வெளிய வெச்சுக் கட்டிகினு இருக்கீங்க?" என்றாள். வெளிப்பக்கம் கறை இருக்கிறது, அதனால்தான் என்றேன். "எங்க கறை? காட்டுங்க, தொவைச்சிடறேன்" என்று சேலையைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தாள். வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு வருஷமாக என்னிடம் வேலை செய்கிறாள். இன்னும் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியவில்லை. இந்த வீட்டில் கத்தரிக்கோலுக்கு ஓர் இடம், சாவிக்கு ஓர் இடம், மாத்திரைக்கு ஓர் இடம். என் கணவர் இருந்தபோதே அப்படித்தான். ஒழுங்காக இருக்கும் வீட்டில் எதையும் தேட வேண்டியதில்லை. விளக்கைக்கூடப் போட வேண்டியதில்லை.

மாலையில் நளினா புனேயிலிருந்து பேசினாள்.

"அம்மா, நேத்து கேஸை மூடாமயே போய்ப் படுத்துட்டீங்களாமே?"

"உனக்கு யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நானே வந்து கூட்டிட்டு வந்துடுவேன். அப்புறம் பேச்சே கிடையாது."

"எனக்கு இங்க என்ன குறை?"

"குறை இருக்குன்னு நீங்க என்னிக்கும்மா சொல்லியிருக்கீங்க?"

என் பெண் நல்லவள். ஆனால் அவள் வீட்டில் என்னால் இரண்டு நாளுக்கு மேல் தங்க முடியாது. போன முறை போயிருந்தபோது பால்கனியின் கண்ணாடிக் கதவில் மோதி நெற்றி வீங்கிவிட்டது. கண்ணாடியை அவ்வளவு துப்புரவாகத் துடைத்து வைத்தால் யார்தான் மோதமாட்டார்கள்? அதன் பிறகு அங்கே எனக்குத் தண்ணீர் ஊற்றிக் குடிக்கக்கூட அனுமதி இல்லை. "நீங்க உக்காருங்கம்மா." காலையிலிருந்து இரவுவரை அந்த ஒரு வாக்கியம். நான் என் வீட்டில் என் அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டு, என் கதவை நானே தாழ்போட்டுப் படுப்பவள். கடைசிவரை அப்படியே இருக்க வேண்டும். வேறெதுவும் யாரிடமும் கேட்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

காலையில் கீழே தண்ணீர்த்தொட்டிப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

"என்னப்பா, போர் போடறீங்களா?"

"இல்லம்மா. மண்ணு டெஸ்டுக்கு. பழசை இடிச்சிட்டுப் புதுசு எழுப்பறாங்க இல்ல, அதுக்கு."

"எந்தப் பழசை?"

அந்த ஆள் சிரித்தான். "முதுகுக்குப் பின்னாடி நிக்குதே, அதைத்தாம்மா."

ஜெயசிங் வீட்டுக் கதவைத் தட்டினேன். பல் விளக்கிக்கொண்டே வந்தார்.

"இது என்ன கூத்து?"

"என்ன மேடம், எல்லாம் தெரிஞ்ச விஷயம்தானே?" வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நின்றார். "முதல் கையெழுத்தே நீங்க போட்டதுதான். மேல்வீட்டு ரோகிணி வீட்டுக்காரர் ஒரு மாசமா இழுத்தடிச்சிட்டு இருந்தார். 'மேடம் படிச்சுப் பாத்துப் போட்டிருக்காங்க, ஒரு தப்புகூடச் சொல்லல'ன்னு காட்டினேன். அடுத்த நிமிஷம் போட்டுட்டார். எட்டு வீடும் போட்டாச்சு. கம்பி துருப்பிடிச்சுப் போச்சு மேடம், இனி பூச்சு பூசிப் பிரயோஜனமில்லேன்னு இன்ஜினியர் சொல்லிட்டார். அவங்க கட்டி முடிக்கிற வரைக்கும் வெளில வாடகைக்கு இருக்கணும். அதுதான் கொஞ்சம் சிரமம்."

தெரியும், உறுதி செய்துகொள்ளத்தான் வந்தேன் என்றேன். மேலே வந்து கதவைத் தாழ்போட்டேன். இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஜூன் 27, வெள்ளி

பூங்காவனம் எட்டாம் வகுப்புவரை படித்தவள். படித்ததை மறந்துவிடக் கூடாது என்பதால் இன்று அவளுக்கு ஆங்கில எழுத்துப் பயிற்சி கொடுத்தேன். வேறு தாள் கைக்குக் கிடைக்காததால் ஜெயசிங் விட்டுப்போன நகலையே கொடுத்தேன்.

"எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல ஏ பி சி டி?"

"பஸ்ல போர்டு படிக்கலாம்."

"பஸ்ல நம்பர் போட்டிருக்கான்."

"பேசாமப் படி. முதல் பக்கம் வேண்டாம். மூணாவது பக்கம். ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு. இடம் விட்டிருந்தா 'இடம்'னு சொல்லு."

தரையில் உட்கார்ந்துகொண்டாள். சோம்பலாகத்தான் ஆரம்பித்தாள். "டி… ஓ… இடம். டி… ஈ… எம்… ஓ…" என் கையில் கீரைக் கட்டு இருந்தது. ஆய்ந்துகொண்டிருந்தேன். "எல்… ஐ… எஸ்… எச். இடம்."

"திரும்பச் சொல்லு."

"சரியாத்தானேம்மா சொன்னேன்?"

"திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னாள். மாறவில்லை. மேலே போகச் சொன்னேன். ஒரு வரி தாண்டி, "ஆர்… ஏ… அப்புறம் ஒண்ணு, வளைஞ்சு வளைஞ்சு, கோணலா, இது இன்னாது?" என்றாள். இசட் என்றேன். "இசட்… ஈ. இடம்." உலையில் அரிசி கொதித்து வழிந்தது. அவள் எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் விடவில்லை. அந்தப் பக்கம் முழுவதையும் எழுத்தெழுத்தாக வாங்கிவிட்டேன்.

முடித்ததும் தாளை மடித்து என் மடியில் வைத்தாள். உடனே எழுந்திருக்கவில்லை.

"அம்மா, இதைப் படிக்கத்தான் என்னைக் கூப்பிட்டீங்களா?"

உன் எஸ் உச்சரிப்பு மோசம், நாளைக்கும் பயிற்சி உண்டு என்றேன்.

ஜூன் 28, சனி

காலையிலிருந்து அந்த ஒரே சொல். அலமாரியிலிருந்து பெரிய அகராதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டியதில்லை, எனக்கு மனப்பாடம்.

டெமாலிஷ் பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்த வினைச்சொல். லத்தீனில் 'மோலெஸ்' என்றால் பெரும் பாரம், குவியல். துறைமுகத்தில் அலையைத் தடுக்கக் கொட்டும் கல்மேட்டுக்கும் அந்தப் பெயர்தான். அதிலிருந்து ஒரு வினை பிறந்தது: பாடுபட்டுக் குவிப்பது, கட்டி எழுப்புவது. அதன் முன்னால் 'டி' சேர்த்தால், பாடுபட்டு எழுப்பியதைக் கீழே இறக்குவது. ஆகவே இடிப்பதைச் சொல்லும் அந்தச் சொல்லுக்குள்ளேயே கட்டியவனின் உழைப்பும் இருக்கிறது. கட்டாத ஒன்றை டெமாலிஷ் செய்ய முடியாது. காட்டை அழிக்கலாம், குன்றைக் குடையலாம், மரத்தை வெட்டலாம். அவற்றுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

சிஸ்டர் பெர்னடைன் பிரம்பால் மேசையைத் தட்டிச் சொல்வார்: கூடாரத்துக்கு ஒரு வினை, இயந்திரத்துக்கு ஒரு வினை, வீட்டுக்கு ஒரு வினை, எதிரியின் நகரத்துக்கு ஒரு வினை. இயந்திரத்தைப் பிரித்துப் போடுவது டிஸ்மேன்ட்டில், அதாவது அதன் போர்வையை உருவுவது. வீட்டை இடிப்பது டெமாலிஷ். வாதத்தையும் அப்படி இடிக்கலாம், ஒருவருடைய பெயரையும் இடிக்கலாம். எதிரியின் நகரத்தைத் தரைமட்டமாக்குவதுதான் ரேஸ். அது சுரண்டுவது, வழிப்பது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சவரக்கத்திக்கும் அழிப்பானுக்கும் ஆங்கிலத்தில் இருக்கும் பெயர்கள் அதன் உறவுகள். ஒரு வீட்டுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் அந்த வீட்டின்மேல் உனக்கு ஏதோ கோபம் என்று அர்த்தம் என்பார் சிஸ்டர்.

என் கணவர் அடைதோசையை ஒரு கை பார்த்துவிட்டு, "ஐ டெமாலிஷ்ட் இட், கோமளா" என்று தட்டைத் தூக்கிக் காட்டுவார். அது கொச்சை வழக்கு, நல்ல வீடுகளில் சொல்லமாட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் திருத்துவேன். ஒவ்வொரு முறையும் சொல்வார்.

அந்தத் தாளில் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் போட்டிருக்கிறார்கள். இருக்கும் கட்டடத்தை டெமாலிஷ் செய்து அதை ரேஸ் செய்ய இதன்மூலம் சம்மதிக்கிறோம். இடித்த பிறகு வழித்தெடுக்க வேறு வேண்டுமா? ஒன்று போதும். நான் மட்டும் அன்றைக்குப் படித்திருந்தால்

நான் மட்டும் அன்றைக்கு இன்னும் கவனமாகப் படித்திருந்தால் இரண்டாவதை அடித்திருப்பேன்.

ஜூலை 2, புதன்

பகல் முழுவதும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். வேலை ஒன்றுமில்லை.

ஜூலை 7, திங்கள்

பூங்காவனத்துடன் ஆட்டோவில் வக்கீலைப் பார்க்கப் போனேன். கல்பகம் என்று பெயர். குரலில் சிறியவளாகத்தான் இருந்தாள். நாற்காலி நான் நினைத்த இடத்தில் இல்லை. அவள் எழுந்து வந்து சத்தமில்லாமல் அதைத் தள்ளிக் கொடுத்தாள்.

வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களேம்மா. படிச்சுப் பாத்துத்தானே போட்டீங்க?"

கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினேன்.

"உங்களுக்குக் கண் பார்வை எப்படி?"

"வயசுக்கு ஏத்த மாதிரி."

"அம்மா, நான் உங்க வக்கீல். கண் தெரியாத ஒருத்தர்கிட்ட, படிச்சுக் காட்டாம, என்னன்னு சொல்லாம வாங்கின கையெழுத்துன்னா அதை வெச்சு வாதாடலாம். எல்லா வேலையையும் நிறுத்தி வைக்கக் கேக்கலாம். அதுக்கு டாக்டர் சர்ட்டிஃபிகேட் வேணும். அப்புறம் நீங்களே உங்க வாயால சொல்லணும். முதல்ல சங்கத்துக் கூட்டத்துல சொல்லுங்க. அவங்க ஒத்துக்கலைன்னா கோர்ட்டுக்குப் போவோம்."

"வேற வழி?"

"வேற வழியே இல்லம்மா."

வெளியே வந்ததும் பூங்காவனம் என் முழங்கையைப் பிடித்தாள். உதறினேன். வாசற்படி இருந்தது. மறுபடி அவளே பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 10, வியாழன்

கண் மருத்துவமனை. எனக்கு முன்னால் போன பெரியவர் சுவரில் இருந்த எழுத்துகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். நல்ல கணீரென்ற குரல். என்னை உட்கார வைத்ததும் நானும் முதல் நான்கு வரிகளைக் கடகடவென்று சொல்லிவிட்டேன். டாக்டர் ஏதோ பொத்தானை அழுத்தினார்.

"இப்ப படிங்கம்மா."

"அதேதானே?"

"இல்லம்மா. மாத்திட்டேன்."

பூங்காவனம் சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருப்பாள். அவள் வளையல் சத்தம் கேட்டது. பிறகு அவள் சிரிப்பும் நின்றுவிட்டது, ஏனென்றால் டாக்டர் அந்தப் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே இருந்தார்.

கேட்டதற்கு மேலாகவே எழுதிக் கொடுத்தார். உறையிலிட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகும் கைப்பையை மாட்டும் ஆணியில் மாட்டவில்லை. என்னோடேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 12, சனி

நளினா பேசினாள். வாடகை வீட்டுக்குப் போவதற்குப் பதில் புனேக்கு வந்துவிடுங்கள், புது வீடு எழும்பியதும் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஜெயசிங் அவளுக்குப் போன் செய்திருக்கிறார்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடு போகும். வேறு வீட்டுக்குள் நுழைந்த அன்றே எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடும், அப்புறம் புனே, "நீங்க உக்காருங்கம்மா." வாயைத் திறந்தால் வீடு நிற்கலாம். ஆனால் அந்த வார்த்தை நளினா காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? அன்றைக்கே விமானம் ஏறுவாள்.

ஆனாலும் நின்ற வீட்டிலிருந்து என்னைக் கிளப்ப அவள் என்னோடு சண்டை போட வேண்டும். சண்டை போட எனக்கு இன்னும் தெம்பிருக்கிறது. இடிந்த வீட்டில் உட்கார்ந்து யாரோடு சண்டை போடுவது? சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். ஒரே வாக்கியம். "நான் அதைப் படிக்கவில்லை." குளிக்கும்போது இரண்டு மொழியிலும் சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இன்னும் சிறியது.

ஜூலை 20, ஞாயிறு

கூட்டம் காலையில் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, மெதுவடை. பூங்காவனம் டம்ளர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வெளிர்நிறப் பட்டு கட்டிக்கொண்டு போனேன். இரண்டு முறை தடவிப் பார்த்து, சரியான பக்கம்தான் கட்டியிருந்தேன். கைப்பை மடியில்.

வீடு காலி செய்யும் தேதியைப் பற்றிப் பேசி முடித்ததும், எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது என்று எழுந்தேன். பேச்சு நின்றது. கைப்பையின் கொக்கியைத் திறந்தேன். உறையின் விளிம்பு விரலில் பட்டது.

அதற்குள் ஜெயசிங் எழுந்துவிட்டார். "மேடம், ஒரு நிமிஷம். அதை நானே சொல்லிடறேனே. நீங்க சொல்ல வேண்டாம்." தொண்டையைச் செருமினார். "மண்ணு டெஸ்டுக்கு ஆள் வந்த அன்னிலேர்ந்து எனக்கு மனசு சரியில்லை. மேடத்துக்குக் கண் சரியாத் தெரியலையோன்னு எனக்குச் சந்தேகம். அன்னிக்கு நான் அதைப் படிச்சுக் காட்டியிருக்கணும். காட்டாம வாங்கிட்டேன். தப்பு என்மேலதான். மேடம் இப்ப வேண்டாம்னு சொன்னாங்கன்னா, நாம எல்லாரும் உக்காந்து மறுபடி யோசிக்கணும். அதான் நியாயம்."

அவர் நல்ல மனிதர். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஆமாம் என்று தலையசைப்பது ஒன்றுதான்.

"அச்சச்சோ!" என்றாள் மேல்வீட்டு ரோகிணி. "பாவம்! கூடவே இருந்தும் நாம யாரும் கவனிக்கலையே. ஆன்ட்டி, இனிமே எது வேணும்னாலும் கூச்சப்படாம எங்களைக் கேளுங்க. நின்னுட்டே இருக்காங்க பாருங்க, உக்கார வைங்க யாராவது. பாத்து ஆன்ட்டி, பாத்து…"

பக்கத்திலிருந்து ஒரு கை வந்து என் முழங்கையைப் பிடித்தது. இன்னொரு கை முதுகில் பட்டது. நாற்காலியை இழுக்கும் சத்தம். யாரோ "ச்சு, ச்சு" என்றார்கள். ஒரு வீட்டுப் பாத்திரத்தை இடம் மாற்றுவது போல என்னை இறக்கி வைத்தார்கள்.

நான் மறுபடி எழுந்து நின்றேன்.

"ஜெயசிங், யார் சொன்னது எனக்குக் கண் தெரியாதுன்னு?"

"இல்ல மேடம், நான்…"

"மூணாவது பக்கம், நடுப் பாரா. டெமாலிஷ் செய்யறதுன்னு போட்டுட்டு, அடுத்த வரியிலேயே ரேஸ் செய்யறதுன்னு போட்டிருக்கு. ரெண்டும் எதுக்கு? வீட்டுக்கு முதல் சொல் போதும். ரெண்டாவது படையெடுத்து வந்தவன் ஊரை அழிக்கிறதுக்குச் சொல்றது. அடிச்சுத் திருத்தியிருப்பேன். வக்கீல் அடிச்சதுன்னு நீங்க பெருமையா சொன்னீங்க, மனசு வருத்தப்படுமேன்னு விட்டுட்டேன். படிக்காமயா இதெல்லாம் சொல்றேன்?"

யாரோ தாளைப் புரட்டும் சத்தம். "ஆமா, இருக்கு! கரெக்ட்டா மூணாவது பக்கம்" என்றார் ரோகிணியின் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். நிம்மதிச் சிரிப்பு. "மேடம்னா மேடம்தான்!" என்றது ஒரு குரல். ஜெயசிங் கிட்டே வந்து, "மன்னிச்சுக்குங்க மேடம். நான்தான் தப்பா நினைச்சு உங்களைச் சங்கடப்படுத்திட்டேன். நீங்க சொல்ல வந்தது என்ன?" என்று கேட்டார்.

"இதைத்தான்" என்றேன். கைப்பையை மூடினேன்.

ஜூலை 21, திங்கள்

எனக்குக் கண் தெரியவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. பார்வையின் நடுவில் ஓட்டை. விளிம்பில் மட்டும் கொஞ்சம் மிச்சம். என்னிடம் பேசுகிறவர்களுக்குக் காதும் தோளும் இருக்கின்றன, முகம் இல்லை. இந்த வரியை எழுதும்போதும் எழுத்து தெரியவில்லை. அட்டையைத்தான் விரலால் தொட்டுக்கொண்டு போகிறேன். இதற்குமுன் எழுதியதில் எத்தனை வரி ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கிறதோ தெரியாது. இந்த வீட்டில் எனக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. அடுத்த வீட்டில் என்ன செய்வேன்?

நேற்று மாலை பூங்காவனம் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

"கைல சீட்டு இருந்திச்சேம்மா. எடுத்து நீட்டியிருந்தா முடிஞ்சுது. அவரே வழிய வந்து குடுத்தாரு. அதை ஏம்மா தட்டி வுட்டீங்க?"

"பாவம்னு சொன்னாங்க, கேட்டியா?"

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. எங்களை நாள் பூராத்தான் சொல்றாங்க. அதுக்குன்னு நாங்க வீட்டையா இடிச்சிக்கறோம்?"

திரும்ப அந்த நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டாலும் நான் எழுந்து அதையேதான் சொல்லுவேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

பின்தெருவில் வாடகை வீடு. நளினா சாமான் மாற்ற வந்திருக்கிறாள். குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்கிறது. நெற்றியில் பட்டது. சமையலறைக்குப் போவதாக நினைத்து மாடிப்படி வாசலில் நின்றிருக்கிறேன். பின்னாலிருந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா… எவ்வளவு நாளா?"

புது வீடு, பழக்கமில்லை என்றேன். அவள் என் முகத்துக்கு நேரே கையை ஆட்டியிருக்க வேண்டும். லேசாகக் காற்று வந்தது. அழுதாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் டிக்கெட் போட்டாள்.

சண்டை போடவில்லை. எதை வைத்துக்கொண்டு போடுவது?

செப்டம்பர் 18, வியாழன்

நாளைக்கு விமானம். பூங்காவனத்தை அழைத்துக்கொண்டு நியூ ஹேவன் வரை போய்வர வேண்டும் என்றேன். தூசி, வேண்டாம் என்றாள் நளினா. பூங்காவனம் என் செருப்பை எடுத்துக் காலருகே வைத்தாள்.

எதிர்ச்சாரியில் மருந்துக்கடை வாசலில் நிறுத்தினாள். இயந்திரத்தின் உறுமல். இடையிடையே கல் சரியும் சத்தம். வாயெல்லாம் சுண்ணாம்புச் சுவை. அந்தப் பக்கம் வெறும் வெளிச்சமாக இருந்தது எனக்கு, அவ்வளவுதான். அவள் முழங்கையை நானே பிடித்துக்கொண்டேன்.

"பூங்காவனம், என்ன தெரியுதுன்னு சொல்லு."

யாரிடமும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"முன்பக்கம் பூரா போயிடுச்சும்மா. நடுவுல வெட்டி வெச்சாப்பல நிக்குது. ஜெயசிங் சார் வூட்டு மாடத்துல மாதா படம் மாட்டின ஆணி தெரியுது. நம்ம வூட்டு சமையல்கட்டு மேடை அப்பிடியே தொங்குது. ஹால் செவுரு நிக்குதும்மா. வெயிலு அடிக்குது அது மேல. ரோஸ் கலரு பளிச்சுன்னு இருக்குது."

"அது மேல்வீடா இருக்கும். நம்ம ஹால் க்ரீம்."

"இல்லம்மா. நம்முதுதான். ரோஸு."

"நான் க்ரீம்தான் அடிக்கச் சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க. போன வருசம் பெயின்டர் டப்பாவ மாத்திட்டான். அடிச்சு முடிச்சப்புறம் நீங்க வந்து நின்னு, சுத்திப் பாத்துட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிப் பணம் குடுத்து அனுப்புனீங்க. சரி, உங்களுக்குப் புடிச்சிருக்குதாங்காட்டியும்னு நானும் வுட்டுட்டேன்."

போன ஆண்டிலிருந்து நான் ரோஸ் நிற ஹாலில் இருந்திருக்கிறேன். வந்து போனவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். என் மனதில் இருந்த ஹாலை நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"எந்த மாதிரி ரோஸ்?"

"எப்பிடிச் சொல்றது…" யோசித்தாள். "பன்னீர் ரோஜா இருக்குது பாருங்க, அத்தைத் தண்ணில ஒரு நாள் போட்டு வெச்சா வெளுத்துப் போவும் பாருங்க. அந்த மாதிரி. நல்லாத்தான் இருந்திச்சும்மா. நெசமாவே."

இயந்திரம் நகர்ந்து வரும் சத்தம் கேட்டது. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். அவள் கை என் கையின்மேல் இறுகியது.

"நிக்குதா?"

"நிக்குதும்மா. பாதி நிக்குது."

"நிக்கிற வரைக்கும் சொல்லு" என்றேன்.